கேம் பெட்டிக்கு ஒரு கரண்டி உறைமோர்

அன்புள்ள கண்ணு,

போனில் பேசினால் நீ பேச்சை மாற்றிவிடுகிறாய். கொஞ்சம் அழுத்திக் கேட்டால் "நெட்டு சரியில்லீங்கப்பா" என்று நழுவிவிடுகிறாய். அதனால்தான் காகிதத்தில் எழுதுகிறேன். கடிதத்தை நடுவில் கட் பண்ண முடியாது. மடித்து அலமாரியில் போட்டாலும் நீ திறக்கும்வரை அங்கேயே உட்கார்ந்திருக்கும். "புள்ளைக்கு அட்வைஸ் மழையாக் கொட்டீறாதீங்க" என்று உன் அம்மா அடுப்படியிலிருந்தே எச்சரித்துக்கொண்டிருக்கிறாள். மழையெல்லாம் இல்லை, சாரல்தான். கோத்தகிரியில் பிறந்தவளுக்குச் சாரல் ஒரு பொருட்டா?

கல்யாணமாகி நீ நார்வே போய் இதுதான் முதல் குளிர்காலம். மாப்பிள்ளை காலையில் வேலைக்குப் போனால் இருட்டிய பிறகுதான் வருகிறார். அதுவரை நீயும் அந்த ஃபிளாட்டும்தான். வீடியோ காலில் ஜன்னலுக்கு வெளியே கொட்டும் பனியைக் காட்டுகிறாய். முகத்தைக் காட்டு கண்ணு என்றால் ஒரு நொடி காட்டிவிட்டு மறுபடியும் பனிக்கே கேமராவைத் திருப்பிவிடுகிறாய். என்ன வேணும் என்று கேட்டால் "எல்லாம் இருக்குதுங்கப்பா" என்கிறாய். தயிர் மட்டும் தோயமாட்டேன் என்கிறது என்று போன வாரம் அம்மாவிடம் சொன்னாயாம். சொல்லும்போது குரல் உடைந்துவிட்டதாம். தயிருக்காக யாரும் அழுவதில்லை என்பது அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நீ அங்கே உள்ளுக்குள் அணைந்துகொண்டு வருகிறாயோ என்று எனக்குப் பயமாக இருக்கிறது. பயத்தை மறைத்து எழுத எனக்கு வரவில்லை.

எனக்குப் பயம் வந்தால் கூடவே ஒரு குடைச்சலும் வரும், உனக்குத் தெரியும். கெட்டுப்போன எதைப் பார்த்தாலும், இது இத்தனை நாள் எப்படி ஓடியது, இப்போது இதில் என்ன இல்லை என்று பார்க்காமல் தூக்கம் வராது. தேயிலை ஃபேக்டரி ஃபிட்டரின் புத்தி. இலை உருட்டும் ரோலர் நின்றால் முதலாளி மெஷினைத் திட்டுவார், நான் மெஷினிடம் காது கொடுப்பேன். அந்தப் புத்தி அப்படியே உனக்கு வந்திருக்கிறது. உன் அம்மாவின் நிறமும் என் குடைச்சலும் சேர்ந்து பிறந்தவள் நீ. அதனால் நம் இரண்டு பேருக்கும் புரிகிற பாஷையில் ஒன்றை நினைவுபடுத்துகிறேன். அந்தக் கேம் பெட்டி ஞாபகம் இருக்கிறதா?

நீ அப்போது பிளஸ் ஒன். பச்சைத் தேயிலைக்கு விலை விழுந்து எழுந்திருக்காமலே கிடந்த காலம். பறிக்கிற கூலிக்குக்கூடக் கட்டாது என்று பலர் தோட்டத்தைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டார்கள். இடுப்பளவு நிற்க வேண்டிய செடி மரமாக ஓங்கி, பூத்துக் காய்க்கவே ஆரம்பித்துவிட்டது. வரத்து இல்லாததால் எங்கள் ஃபேக்டரியில் டிரையரைப் பற்றவைப்பதே எப்போதாவதுதான். ஃபிட்டர்கள் நாங்கள் இரண்டு பேர் இருந்தோம். மாதக் கடைசிக்குப் பிறகு ஒருவர் போதும் என்று முதலாளி சாடையாகச் சொல்லிவிட்டார். யார் அந்த ஒருவர் என்று சொல்லவில்லை. அந்த மாதம் முழுக்க நான் தேவையில்லாத இடத்துக்கெல்லாம் கிரீஸ் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

முதலாளியின் மகன் காலேஜ் லீவுக்கு வந்திருந்தான். கையில் வைத்து ஆடுகிற கேம் பெட்டி ஒன்று வைத்திருந்தான். எனக்குச் சாப்பாடு கொண்டுவந்த நீ அதைப் பார்த்தாய். அத்தோடு விட்டாயா? கம்பெனி போட்டுக் கொடுத்த ஆட்டங்கள் போக, வெளியாட்கள் ஆசைக்கு எழுதிய புரோகிராம்களையும் இதில் ஓடவைக்கலாம், ஹோம்ப்ரூ என்று பெயர், எனக்குப் போடத் தெரியும் என்று அவனிடம் சொல்லிவிட்டாய். அவனும் பெட்டியை உன் கையில் கொடுத்துவிட்டான். தெரியும் என்றால் பிரவுசிங் சென்டரில் படித்திருக்கிறாய், அவ்வளவுதான். வீட்டுக்கு வந்து என்னிடம் விளக்கினாய். "ஊட்டியில ஹோம்மேட் சாக்லேட் விக்கறாங்கள்லங்கப்பா, அந்த மாதிரி. கம்பெனிச் சரக்கு இல்ல, வீட்டுல செஞ்சது." எனக்கு உடனே ஆர்வம் பற்றிக்கொண்டது. ஊர் பேர் தெரியாத யாரோ, காசு வாங்காமல், யாரோ ஆடட்டும் என்று உட்கார்ந்து எழுதுகிறானே, அவன் எப்படிப்பட்ட ஆளாக இருப்பான் என்று அன்று சாப்பிடும்போதும் கேட்டுக்கொண்டிருந்தேன். அம்மாதான் நியாயமாகக் கேட்டாள். "ஏனுங்க, மொதலாளி ஊட்டுப் பொருளுங்க. வேலை போற நேரத்துல இது நமக்குத் தேவைங்களா?" நாம் இரண்டு பேரும் காதில் வாங்கவில்லை.

இதைச் செய்வதற்கு முன் பெட்டியின் சிஸ்டம் ஃபைல்களை ஒரு நகல் எடுத்து வைத்துக்கொள் என்றுதான் வழிமுறையில் முதல் வரியே இருந்தது. நீயும் எடுத்தாய். ஆனால் அந்த நகலைப் பெட்டியின் மெமரி கார்டிலேயே வைத்தாய். பாதி வேலையில் பெட்டி கார்டைத் துடைக்கட்டுமா என்று கேட்டது. ஆமாம் என்று அமுக்கிவிட்டாய். பெட்டிக்குள் இருந்த ஃபைல்களை ஏற்கெனவே நீக்கியாகிவிட்டது, கார்டில் வைத்த நகலும் துடைத்துப் போய்விட்டது. பீரோ சாவியைப் பீரோவுக்குள்ளேயே வைத்துப் பூட்டிய கதை.

அதன் பிறகு பெட்டியைப் போட்டால் கறுப்புத் திரை. அதில் வெள்ளை எழுத்தில் ஒரே ஒரு வரி. இன்ன ஃபைலைக் காணோம் என்று அதன் பெயரோடு சொன்னது. நீ வெளுத்துப் போய் என்னிடம் வந்தாய்.

"உள்ள இருந்த ஃபைலு போயிருச்சுங்கப்பா."

"போயிருச்சுன்னா எங்க கண்ணு போச்சு?"

"எங்கயும் போகலீங்கப்பா. இல்லாமயே போயிருச்சு."

நான் பெட்டியை வாங்கிக் கையில் தூக்கிப் பார்த்தேன். எடை குறைந்த மாதிரி இல்லை. திருகாணி கழலவில்லை, வயர் அறுகவில்லை, எதுவும் தேயவில்லை. எல்லாம் இருந்தும் ஓடவில்லை. என் ஆயுளில் அப்படி ஒரு ரிப்பேரை நான் பார்த்ததில்லை. வேலை போய்விடுமே என்ற பயம் ஒரு பக்கம் இருக்கிறது, இது என்னடா அதிசயம் என்று மனசு இன்னொரு பக்கம் குறுகுறுக்கிறது. அதைவிட எனக்குப் பிடித்துப்போனது அந்த வெள்ளை வரிதான். எங்கள் ரோலர் ஒருநாளும் தனக்கு இது இல்லை என்று சொன்னதில்லை, நாம்தான் பிரித்துத் தேட வேண்டும். இது, சாகக் கிடக்கும்போதும், எனக்கு இது குறைகிறது என்று பேர் சொல்லிக் கேட்கிறதே!

பையன் மறுநாள் கோயமுத்தூர் போகிறான். பஸ் ஸ்டாண்டுக்குக் கீழே இருந்த பிரவுசிங் சென்டரில் அன்று மத்தியானம் முழுக்க உட்கார்ந்து தேடினாய். அந்த ஃபைல்கள் கம்பெனியின் சொத்து, நாங்கள் தரமாட்டோம், உங்கள் பெட்டியிலிருந்தே எடுத்துக்கொள்ளுங்கள் என்று எல்லாரும் கையை விரித்திருந்தார்கள். எங்கோ ஒரு மூலையில் அதே பெயரில் ஒன்று கிடைத்தது. போட்டதும் அந்த வெள்ளை வரியும் வரவில்லை, திரை முழுக்கக் கறுப்பாகிவிட்டது. அது வேறு மாடலின் ஃபைல். பெயர்ப் பொருத்தம் மட்டும் பார்த்துக் கல்யாணம் செய்தால் இப்படித்தான். நல்ல வேளை, அதை எடுத்துவிட்டதும் வெள்ளை வரி திரும்பி வந்தது. இல்லாததைச் சொல்கிற அந்த வரியைப் பார்த்து அன்று நாம் பட்ட சந்தோஷத்தை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

இதே மாடல் பெட்டி வேறு யாரிடமாவது இருக்க வேண்டும் என்றாய். யோசித்துவிட்டு, கீழ் கோத்தகிரி எஸ்டேட்டில் கொழுந்து எடுக்கும் ராசம்மாக்கா வீட்டில் உண்டு என்றாய். அவருடைய மகன் பத்தாவது வரை உன்னோடு படித்தவன். துபாயில் இருந்த மாமா வாங்கிக் கொடுத்தது. அவன் பாலிடெக்னிக் போகும்போது, அதைக் கொண்டுபோனால் படிப்பு உருப்படாது என்று ராசம்மாக்கா டிரங்குப் பெட்டியில் வைத்துப் பூட்டிவிட்டார். நான் அவரை அதற்குமுன் பார்த்ததுகூட இல்லை. முன்பின் தெரியாதவர் வீட்டில் போய் எப்படிக் கேட்பது என்று தயங்கினேன். நீதான் என் சட்டையைப் பிடித்து இழுத்துப் பஸ் ஏற்றினாய். அதை நீ மறந்திருப்பாய், நான் மறக்கவில்லை.

பறிக்காமல் விட்ட தேயிலைக்கு நடுவே இறங்கித் தொழிலாளர் லைன் வீட்டுக்குப் போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது. ராசம்மாக்கா அப்போதுதான் சாமி படத்துக்கு விளக்கு வைத்துக்கொண்டிருந்தார். சின்ன வயதில் சிலோன் தோட்டத்திலிருந்து வந்தவர், பேச்சில் அந்த வாடை போகவில்லை. "உள்ளுக்கு வாங்க, தேத்தண்ணி குடிங்க முதல்ல" என்று உட்காரவைத்தார். நீ விஷயத்தைச் சொன்னாய். சிஸ்டம் ஃபைல், காப்பி, மாடல் என்று நீ அடுக்க அடுக்க அவர் முகத்தில் ஒன்றும் ஏறவில்லை. "இவ பெட்டி கெட்டுப் போச்சுனா எங்க பெட்டி எதுக்கு?" என்றார். அங்கேதான் உன் அப்பன் வாயைத் திறந்தான்.

"ஒண்ணுமில்லீங்க. உறைமோர் மாதிரிங்க. பால் இருக்குது, சட்டி இருக்குது, உறை இல்லாமத் தோய மாட்டேங்குது. உங்க ஊட்டுல ஒரு கரண்டி எடுத்தா உங்க தயிர் குறையப் போறதில்ல. எங்க பால் தோஞ்சிரும். அவ்வளவுதானுங்க."

ராசம்மாக்கா முகம் மலர்ந்துவிட்டது. "அட, இம்புட்டுத்தானா? இப்ப நல்லா வெளங்கிருச்சு" என்று எழுந்து டிரங்குப் பெட்டிச் சாவியைக்கூட எடுத்துவிட்டார். அப்படியே நின்றார். திரும்பி விளக்கைப் பார்த்தார்.

"ஆனா அண்ணே, வெளக்கு வச்சாச்சே. வெளக்கு வச்ச பொறகு ஒறை எப்புடி வெளிய குடுக்கிறது?"

"அய்யோ, சும்மா உதாரணத்துக்குச் சொன்னேனுங்க!"

"ஒதாரணந்தான். சரியான ஒதாரணமாவுல்ல சொல்லிட்டீங்க. எந்தம்பி கண்காணாத ஊருல கஷ்டப்பட்டு வாங்கிக் குடுத்த சாமான். அதுக்குள்ள இருக்கிறத வெளக்கு வச்சு வெளிய குடுத்தா, அவனுக்கு ஏதும் ஆச்சுன்னா நான் என்ன செய்வேன்? கோவிச்சுக்காதீங்க."

அவர் பிகு செய்யவில்லை. நிஜமாகவே சங்கடப்பட்டார். ஃபைல் என்றே விட்டிருந்தால் புரியாமலேயே கொடுத்திருப்பார். புரியவைத்துக் கெடுத்தவன் நான். திரும்பி வரும் பஸ்ஸில் நீ ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு வந்தாய். அரவேணு தாண்டியதும் உன் தோள் குலுங்கியது. அழுகிறாயோ என்று பார்த்தால் சிரிக்கிறாய், சிரிப்போடு அழுகையும் வருகிறது. "சாக்லேட் உதாரணத்தோட நிறுத்தியிருக்கலாமுங்கப்பா" என்றாய். வீட்டுக்கு வந்து சொன்னதும் அம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "உங்களை யாருங்க தயிரை இழுக்கச் சொன்னது? பொழுது போன நேரத்துல உறைமோர் கேட்டா நானே குடுக்க மாட்டேனுங்க!" விடிந்ததும் முதலாளி வீட்டுக்குப் போய் உள்ளதைச் சொல்லிவிடுவது, வேலை போனால் திருப்பூருக்குப் போவது என்று முடிவு செய்துகொண்டு படுத்தேன்.

காலையில் அம்மா வாசல் தெளிக்கக் கதவைத் திறந்தவள், "ஏனுங்க, ஆரோ வந்திருக்காங்க" என்று கூப்பிட்டாள். பனி மூட்டத்தில் ராசம்மாக்கா நின்றுகொண்டிருந்தார். முதல் பஸ் பிடித்து, வீட்டை விசாரித்து வந்திருக்கிறார். ஒரு கையில் துண்டில் சுற்றிய கேம் பெட்டி, இன்னொரு கையில் மூடி போட்ட தூக்குச்சட்டி.

"விடிஞ்சிருச்சுதானே அண்ணே? இந்தாங்க."

தூக்குச்சட்டியில் தயிர் இருந்தது. உறை கேட்டு வந்தவர்களை வெறுங்கையோடு அனுப்பிவிட்டோமே என்று மனசு ஆறவில்லையாம், அதனால் நிஜ உறையும் சேர்த்துக் கொண்டுவந்தாராம். வேலைக்குப் போக வேண்டாமா என்று அம்மா கேட்டாள். "இன்னைக்குப் பேர் இல்ல. போகட்டும்" என்றார். எஸ்டேட்டில் பேர் என்றால் ஒரு நாள் கூலி. அந்த மந்தத்தில் எஸ்டேட்டில் வேலை கொடுப்பதே வாரத்தில் சில நாள்தான். அதில் ஒன்றை விட்டுவிட்டு வந்திருந்தார்.

பிரவுசிங் சென்டர்காரரை எழுப்பி ஷட்டரைத் தூக்கவைத்தோம். நீ ராசம்மாக்கா பெட்டியிலிருந்து ஃபைல்களை எடுத்து நம் கார்டில் போட்டாய். அவ்வளவு நேரமும் ராசம்மாக்கா உன் தோளுக்குப் பின்னாலேயே நின்றார். தன் பெட்டி கைக்குத் திரும்பியதும் அதைப் போட்டுப் பார்த்து, "ஒண்ணும் கொறயல" என்று எனக்குச் சொன்னார். பிறகு நீ முதலாளி மகன் பெட்டியில் கார்டைச் செருகிப் பட்டனைத் தள்ளினாய். கறுப்பு. வெள்ளை வரி வருமோ என்று மூன்று பேரும் குனிந்துகொண்டிருந்தோம். வரவில்லை. திரை மெல்ல நீலமாக வெளுத்தது.

"தோஞ்சிருச்சா?" என்று கேட்டார் ராசம்மாக்கா.

"தோஞ்சிருச்சுங்க அத்தை" என்று அவரைக் கட்டிக்கொண்டாய்.

பெட்டியைக் கொண்டுபோய்க் கொடுத்தபோது முதலாளி மகன் அதைத் திறந்துகூடப் பார்க்காமல் பையில் போட்டுக்கொண்டான். அந்த மாதம் என் வேலை தப்பியது. அடுத்த வருஷம் ஃபேக்டரியே தப்பவில்லை. எந்த வேலைக்காக அத்தனை பதறினோமோ அது போய்விட்டது, நான் திருப்பூருக்கே போனேன். நிலைத்தது வேறு ஒன்று. நான் ஊரில் இல்லாத அந்த வருஷங்களில் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் உங்கள் இருவருக்கும் துணையாக ராசம்மாக்கா வந்து போனார். உனக்கு டைபாய்டு வந்தபோது ஆஸ்பத்திரியில் உன் பக்கத்தில் பாய் விரித்தவர் அவர். உன் கல்யாணத்தில் அத்தை முறைச் சீர் கொண்டுவந்து நின்றாரே, அந்த உறவு இரத்தத்தில் வந்ததா? நீ என் சட்டையைப் பிடித்துப் பஸ் ஏற்றியதால் வந்தது.

அந்தத் தூக்குச்சட்டித் தயிரில்தான் அம்மா அன்று உறை குத்தினாள். நம் ஊர்க் குளிரில் தயிர் தோய்வதே பெரும்பாடு என்று உனக்குத் தெரியும், பாத்திரத்துக்கு என் பழைய ஸ்வெட்டரைப் போட்டுவிடுவாள். அன்றிலிருந்து இன்றுவரை நேற்றைய தயிரிலிருந்து இன்றைக்கு, இன்றையதிலிருந்து நாளைக்கு என்று அது ஓடிக்கொண்டிருக்கிறது. அதற்குப் பிறகு நீ சாப்பிட்டதெல்லாம் ராசம்மாக்கா வீட்டுத் தயிர்தான். விமானத்தில் அதை மட்டும் உனக்குக் கொடுத்துவிட முடியவில்லை என்று அம்மாவுக்கு இன்னும் ஆற்றாமை.

இனி அப்பனின் சாரல். மாப்பிள்ளை நல்லவர், உன்மேல் உயிராக இருக்கிறார். அதில் எனக்குக் குறையே இல்லை. ஆனால் உன் சிரிப்பு, பேச்சு, கோபம் எல்லாவற்றையும் அந்த ஒரே கார்டில் போட்டு வைத்திருக்கிறாய் கண்ணு. அவருக்கு ஒரு நாள் வேலை அதிகமானால், ஒரு சாயங்காலம் முகம் சுளித்தால், உனக்குத் திரை கறுத்துவிடுகிறது. பாவம், அவருக்கும் அது பாரம். உன்னைத் தெரிந்த மனிதர்கள் இன்னும் நாலு இடத்தில் இருக்கட்டும். இன்னொன்று. உயிரில்லாத பெட்டியே எனக்கு இது இல்லை என்று வெள்ளை எழுத்தில் சொன்னது. நீ என் ரத்தம், எல்லாம் இருக்கிறது என்கிறாய். எனக்கு ஆள் இல்லை அப்பா என்று சொல்லேன். அதைச் சொல்வதில் ஒரு கேவலமும் இல்லை. சொன்னால்தானே தேட முடியும்?

எதிர் ஃபிளாட்டில் நாய் வைத்திருக்கும் ஒரு அம்மா லிஃப்டில் பார்த்தால் தலையாட்டுவார் என்று முன்பு சொன்னாய். அந்தக் கதவைத் தட்டு. அந்த ஊர்க்காரர்கள் உறை வைத்திருக்கிறார்களோ என்னவோ, எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ள ரொம்ப ஆசையாக இருக்கிறது, அதையும் கேட்டு எழுது. தயிர் இல்லையென்றால் சர்க்கரை கேள், ஒரு கரண்டி உப்பு கேள், வீட்டில் மூட்டையாகக் கிடந்தாலும் பரவாயில்லை, கேள். உனக்குப் பாஷை தடுமாறினால் நல்லதுதான். நன்றாக விளக்கிச் சொன்னால் என்ன ஆகும் என்பதை நாம்தான் பார்த்தோமே.

ஒன்று மட்டும் பார்த்துக்கொள். அங்கே மத்தியானம் மூன்று மணிக்கே இருட்டிவிடுகிறது என்றாய். விளக்கு வைப்பதற்குள் போய்விட்டு வா, சாமி.

உன் அப்பா